பள்ளம் ஒன்று, துள்ளல் எத்தனை?

திருநள்ளாற்றுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நளனைச் சனி பிடித்த அரசனாகத்தான் அறிவார்கள். நளதீர்த்தத்தில் மூழ்கி எழுந்து, தர்ப்பாரண்யேசுவரர் கோயிலுக்குள் போய், சனீசுவரன் சந்நிதியில் நிற்கும்போது அவர்கள் மனத்தில் இருப்பவன் நாடிழந்து, மனைவியைப் பிரிந்து, காட்டில் அலைந்த ஒருவன். அவன் தேரோட்டி என்பது அவ்வளவாக நினைவில் தங்குவதில்லை. கதையின் திருப்பமோ தேரில்தான் இருக்கிறது. கார்க்கோடகன் தீண்டி உரு மாறிய நளன், வாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னன் இருதுபன்னனிடம் வேலைக்குச் சேர்கிறான். மனைவி தமயந்திக்கு இரண்டாம் சுயம்வரம் என்ற செய்தி வந்ததும் ஒரே நாளில் மன்னனைக் குண்டினபுரம் கொண்டுசேர்க்கத் தேரைப் பூட்டுகிறான். வழியில் மன்னனின் மேலாடை நழுவி விழுகிறது. நிறுத்து என்று அவன் சொல்வதற்குள் தேர் நெடுந்தொலைவு கடந்துவிடுகிறது. அந்தப் பயணத்தின் நடுவில்தான், நளனைப் பிடித்திருந்த கலி அவன் உடலை விட்டு வெளியேறுகிறான். மகாபாரதமும் புகழேந்தியின் நளவெண்பாவும் கலி என்று சொல்வதைத் திருநள்ளாற்றுத் தலபுராணம் சனி என்கிறது. விடுதலை கிடைத்த இடம் இந்தக் கோயில் என்கிறது. இரண்டையும் இழுத்துப் பிடித்து ஒன்றாக்க வேண்டியதில்லை. ஏழரை ஆண்டுத் துன்பத்தை ஊழென்று எண்ணி இந்த ஊருக்கு வருகிற மக்கள் தங்களுக்கு முன்மாதிரியாகக் கொண்டவன் வண்டி ஓட்டத் தெரிந்தவன் என்பது எனக்குப் போதும்.

இன்றைய வண்டிக்கு வருவோம். பழைய காரை வாங்கி, பிரித்துப்போட்டு, தன் கையாலோ தெரிந்த மெக்கானிக்கின் கையாலோ மறுபடி கட்டுகிறவர்கள் இன்று எங்கும் இருக்கிறார்கள். ‘ப்ராஜெக்ட் கார்’ என்று அதற்குப் பெயர். அவர்களிடையே ஓயாமல் விவாதிக்கப்படும் கேள்விகளில் ஒன்று சஸ்பென்ஷன் பற்றியது: கம்பெனி கொடுத்த மாதிரியிலேயே புது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாட்டுவதா, அல்லது காயிலோவர் போடுவதா? பார்த்தால் பட்டறைக் கேள்வி. ஆனால் அதன் அடியில் இருப்பது, சைவ சித்தாந்தம் இருவினையொப்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வரும் கேள்வி: வருகிற அடியை எப்படி வாங்கிக்கொள்வது? சமநிலை என்றால் அசையாத விறைப்பு என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வைராக்கியம் என்ற சொல்லையே பேச்சில் அப்படித்தான் ஆக்கிவிட்டோம். அந்த எண்ணம் பிழை என்பதை ஒரு சுருள்வில்லும் எண்ணெய் நிரம்பிய ஒரு குழாயும் தெளிவாகவே காட்டுகின்றன என்பது என் வாதம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஸ்பிரிங் வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. சக்கரம் மேட்டில் ஏறும்போது அமுங்கி, அந்த அடியின் ஆற்றலைத் தன்னுள் வாங்கி வைக்கிறது. வாங்கியதை அது வைத்துக்கொள்வதில்லை, அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். ஷாக் அப்சார்பர் கெட்டுப்போன வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் அந்த ஒரு பள்ளத்துக்கு நாலைந்து முறை துள்ளுவது இதனால்தான். சாலையில் இருந்தது ஒரு பள்ளம். மீதித் துள்ளல் எல்லாம் ஸ்பிரிங் தானே உண்டாக்கியது. ஷாக் அப்சார்பர் என்ற பெயர் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது, ஏனென்றால் அதிர்ச்சியை முதலில் வாங்குவது ஸ்பிரிங்தான். ஷாக்கின் வேலை அதற்கு அடுத்தது. உள்ளே இருக்கும் பிஸ்டனின் நுண்துளைகள் வழியே எண்ணெய் நெருக்கிக்கொண்டு போகும்போது, அசைவாக இருந்த ஆற்றல் சூடாக மாறிக் காற்றில் கலைகிறது. காயிலோவரிலும் இந்த இரண்டும்தான் இருக்கின்றன. சொல்லப்போனால் மாருதி 800-இன் முன்பக்க ஸ்ட்ரட்டிலேயே ஷாக்கைச் சுற்றித்தான் ஸ்பிரிங் அமர்ந்திருக்கிறது. கடையில் காயிலோவர் என்று விற்பதில் கூடுதலாக இருப்பது மரை: ஷாக்கின் உடலில் மரை வெட்டி, ஸ்பிரிங் உட்காரும் தட்டை மேலும் கீழும் திருகி நகர்த்தலாம். வண்டியின் உயரம் நம் கைக்கு வருகிறது. விலை கூடிய வகைகளில் ஷாக்கின் இறுக்கத்தையும் ஒரு குமிழால் கூட்டிக் குறைக்கலாம்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இந்தக் கட்டுரை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. சாதாரணக் காரின் ஷாக்கைக் கையால் அமுக்கினால் ஓரளவு எளிதாக உள்ளே போகும், வெளியே இழுக்கத்தான் கடினம். பொறியாளர்கள் வேண்டுமென்றே அப்படி அமைக்கிறார்கள். சக்கரம் மேலே ஏறும்போது தடை குறைவு. ஸ்பிரிங் திரும்ப விரியும்போது தடை அதிகம். அடி உள்ளே வரலாம், அது திருப்பி வீசப்படுவதுதான் தடுக்கப்பட வேண்டியது. தடையும் முழுத் தடையாக இருப்பதில்லை. ஒரு முறைகூட மறுபுறம் தாண்டாமல் திரும்பி நிற்கச் செய்யத் தேவையான அளவை முழு அளவு என்று கொண்டால், பயணிகள் காரில் அதன் கால் பங்கு முதல் நாற்பது விழுக்காடு வரைதான் பொதுவாக வைப்பார்கள். அதற்கு மேல் ஏற்றிக்கொண்டே போனால் ஷாக்கே விறைத்த கம்பியாகி, சின்னச் சின்ன நெளிவையெல்லாம் நேரே உடலுக்குக் கடத்தும். முழுதும் அசைவற்றிருக்க முயன்ற வண்டி, எல்லா அடியையும் தன்மேல் வாங்கிக்கொள்ளும் வண்டியாகிவிடுகிறது.

இப்போது சித்தாந்தத்துக்கு வருவோம். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞானபோதத்தோடு வடிவம் பெற்ற தமிழ்ச் சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. முன்பிறவிகளில் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவிக்கென வந்து பலன் தருவது பிராரத்தம். அதை நுகரும்போதே புதிதாக நாம் ஏற்றிக்கொள்வது ஆகாமியம். பிராரத்தம் நுகர்ந்தே கழிய வேண்டியது, அதற்கு விலக்கு இல்லை. ஆனால் நுகரும் நேரத்தில் நான், எனது என்று எழுகிற விருப்பும் வெறுப்பும் அடுத்த வினைக்கு வித்தாகின்றன. ஒருவன் நம்மை இகழ்ந்தான்; அது வந்த வினை. அதை நெஞ்சில் வைத்து வளர்த்து, பத்து நாள் கழித்து வேறொருவன் மேல் வீசினோம். அது நாம் ஏற்றிய வினை. சாலையில் ஒரு பள்ளம், வண்டியில் ஐந்து துள்ளல். ஷாக் இல்லாத ஸ்பிரிங்தான் ஆகாமியம் ஈட்டும் உயிர். தாங்கும் வலிமை அதற்கு உண்டு, ஆனால் வாங்கியதைத் தீர்த்துவிடும் வழி அதற்குத் தெரியாது.

இருவினையொப்பு என்பதற்கு இரண்டு பொருள் சொல்லப்படுவதுண்டு. நல்வினை, தீவினை இரண்டின் அளவும் தராசில் ஒத்து நிற்பது என்பது ஒன்று. இருவினைப் பயன்களையும் விருப்பு வெறுப்பின்றி ஒப்ப நோக்கும் பக்குவம் உயிருக்கு வருவது என்பது மற்றொன்று. இரண்டாவதையே நான் ஏற்கிறேன், காரணம் எளிது. அளவுகள் ஒத்துப்போவது ஒரு கணக்குத் தற்செயல். அதில் உயிர் எதையும் கற்றுக்கொள்வதில்லை, அடுத்த நொடியே தராசு சாயலாம். பார்வை மாறுவதுதான் ஆகாமியத்தின் வேரைத் தொடுகிறது. அப்படிப் பார்வை மாறிய உயிர், இன்பம் இன்பமாகவும் துன்பம் துன்பமாகவும் தெரியாத மரக்கட்டையாக ஆகிவிடுமா? ஆகாது. நுகர்ச்சி நடக்கத்தான் வேண்டும், பிராரத்தம் கழிய வேறு வழியில்லை. நுகராமல் விறைத்து நிற்பவன் வினையைக் கழிக்கவில்லை, தள்ளிப்போடுகிறான். அடி உள்ளே வருவதற்குத் தடை குறைவாக, திருப்பி வீசுவதற்குத் தடை மிகுதியாக என்ற அந்த ஷாக்கின் அமைப்பை இருவினையொப்பின் இலக்கணமாகவே எழுதிவைக்கலாம் போலிருக்கிறது.

இது சைவர்களின் தனிச்சொத்து என்று சொல்ல மாட்டேன். திருநள்ளாற்றுக்கு அருகே உள்ள காரைக்காலுக்குத் தெற்கே, கடலோரமாகவே போனால் வரும் நாகப்பட்டினத்தில், முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரை இருந்தது. ஆனைமங்கலம் என்ற ஊரையே அதற்குப் பள்ளிச்சந்தம் என்னும் கொடையாகச் சோழர் கொடுத்ததை லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. அந்த விகாரைக்குரிய பௌத்த சமயத்தின் பாலி நூல்களில் இரண்டு அம்புகள் பற்றிய ஒரு போதனை இருக்கிறது. உடலில் வலி உண்டாகும்போது அறிவில்லாதவன் இரண்டு அம்புகளால் அடிபடுகிறான்: ஒன்று உடலின் வலி, மற்றது அதை நினைந்து மனம் படும் வலி. அறிந்தவனுக்கு முதல் அம்பு மட்டும்தான். முதல் அம்பே அவனுக்குத் தைக்காது என்று புத்தர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே கடலோரத்தில் பல நூற்றாண்டுகள் ஒன்றையொன்று மறுத்து வாதிட்ட இரு சமயங்கள் இந்த இடத்தில் ஒரே திசையைக் காட்டுகின்றன.

இனிக் காயிலோவரின் கவர்ச்சியைப் பேசலாம். பெரும்பாலும் அதை வாங்குகிறவர் வண்டியைத் தாழ்த்துவதற்காகவும், கூடவே வரும் விறைத்த ஸ்பிரிங்குக்காகவும் வாங்குகிறார். விறைப்பு உடனே உணரக்கூடியது: திருப்பத்தில் வண்டி சாயாது, ஸ்டியரிங் சுருக்கென்று பதில் சொல்லும், ஓட்டுகிறவருக்குத் தன் பிடி உறுதியாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் ஸ்பிரிங்கின் விறைப்பை இரண்டு மடங்காக்கினால் உடல் ஆடும் வேகம் சுமார் 1.4 மடங்கு கூடுகிறது. சாதாரணக் கார் நொடிக்கு ஒன்று, ஒன்றரை முறை ஆடும்படி அமைக்கப்படுகிறது. மனித உடலுக்கு அது தொந்தரவில்லாத தாளம். நொடிக்கு 4 முதல் 8 வரையான மேல்கீழ் அதிர்வில்தான் நம் உடல் மிக அதிகமாக வருந்துகிறது. விறைப்பைக் கூட்டக் கூட்ட அந்தப் பக்கம்தான் நகர்கிறோம். அதைவிட மோசம், தாழ்த்திய வண்டியில் ஸ்பிரிங் அமுங்குவதற்கு இடம் குறைந்துபோவது. இடம் தீர்ந்ததும் ரப்பர் முட்டுத்தடை மோதுகிறது. அந்தக் கணத்தில் ஸ்பிரிங் என்று ஒன்று இல்லவே இல்லை. காரைக்கால் சாலைகளை நினைத்துப் பாருங்கள். வண்டல் களிமண் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கிறது. அதன் மேல் போட்ட தார் அதோடு சேர்ந்து நெளிகிறது. அரசலாறும் அதன் வாய்க்கால்களும் குறுக்கிடும் இடமெல்லாம் பாலத்து மேடு. விறைத்த வண்டி இப்படிப்பட்ட சாலையில் மேட்டுக்கு மேடு தாவும். தாவுகிற நேரத்தில் சக்கரம் தரையில் இல்லை. சக்கரம் தரையில் இல்லாதபோது பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. பிடி இறுகிவிட்டது என்று தோன்றிய இடத்தில்தான் பிடி விடுபடுகிறது.

கடுந்துறவைச் சமநிலையென்று எண்ணி மயங்குகிறவரின் நிலையும் இதுவே. அவருக்கு உலகத்தின் சின்ன உரசலும் மோதலாகப் படுகிறது, ஏனென்றால் அமுங்கிக் கொடுக்க உள்ளே இடம் வைக்கவில்லை. இதற்கு நேர்மாறான ஒரு வண்டியைச் செய்தவர்கள், 1954 நவம்பர் 1 வரை காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களே. 1948-இல் பாரிஸ் கண்காட்சியில் வந்த சிட்ரோயன் 2சிவி, உழுத வயலில் ஒரு கூடை முட்டையைக் கொண்டுபோனாலும் ஒன்றும் உடையக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில் உருவானது. திருப்பத்தில் அந்தக் கார் பயமுறுத்தும் அளவுக்குச் சாயும். ஆனால் சக்கரம் தரையை விடாது. பார்க்கக் கம்பீரமில்லாத அந்தச் சாய்வில்தான் அதன் பிடி இருந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். எல்லோருக்கும் ஒரே ஸ்பிரிங் எப்படிப் பொருந்தும்? பழைய வண்டியில் வேறு எஞ்சின் ஏற்றியிருக்கலாம், எடை மாறியிருக்கலாம். அப்போது கம்பெனி கணக்கு செல்லாது, தனக்கேற்பத் திருகிக்கொள்ளும் வசதிதானே வேண்டும்? ஆன்மிகத்திலும் அவரவர் இயல்புக்கேற்ற வழியை அவரவரே அமைத்துக்கொள்வதுதானே சரி? இந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. சித்தாந்தமே அதை ஒப்புக்கொள்கிறது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு நெறி வகுத்ததும், இறையருள் பதிதலாகிய சத்திநிபாதத்தை மந்ததரம் முதல் தீவிரதரம் வரை நான்காகப் பார்த்ததும், உயிர்களின் பக்குவம் ஒன்றுபோல் இல்லை என்று அறிந்ததால்தான். ஆனால் அந்த அளவை உயிர் தானே தனக்குக் குறித்துக்கொள்ளும் என்று சித்தாந்தம் விடவில்லை, குருவை நிறுத்துகிறது. காரணத்தைக் காயிலோவரிலேயே காணலாம். தட்டைத் திருகினால் ஸ்பிரிங் விறைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரே சீரான சுருள்வில்லில் அது நடப்பதில்லை. வண்டி உயர்கிறது அல்லது தாழ்கிறது, வில்லின் இயல்பு அப்படியே இருக்கிறது. விபூதியின் பட்டை அகலமானதாலோ உணவு ஒரு வேளையானதாலோ சினத்தின் இயல்பு மாறிவிடாதது போல. நான்கு சக்கரத்திலும் எவ்வளவு பாரம் என்று தனித்தனியே எடை பார்த்து, ஷாக்கின் இறுக்கத்தை அதற்கேற்ப வைக்கத் தெரிந்தவர் கையில் காயிலோவர் கம்பெனி ஸ்பிரிங்கை வெல்லும். அளக்காமல் திருகுகிறவர் கையில் அது கம்பெனி ஸ்பிரிங்கைவிடத் தாழ்ந்த பொருள். மரபு எனக்குத் தரும் வழி சராசரி மனிதனுக்காக வகுத்தது என்பது உண்மைதான். ஆனால் பல்லாயிரம் பேர் ஓட்டிப் பார்த்த சராசரி அது. அதை விட்டு விலகுகிறவனுக்கு அளந்து பார்க்கும் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

உவமையை வைத்து வாதம் செய்யலாமா என்பது அடுத்த மறுப்பு. இரும்புச் சுருளுக்கு உயிர் இல்லை, விருப்பு வெறுப்பு இல்லை. அதிலிருந்து உயிரைப் பற்றி என்ன தெரியும்? இதை நான் எளிதில் தள்ள மாட்டேன். சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற முறையில் விரிகின்றன. அந்த வைப்பில் எடுத்துக்காட்டு தனித்து நிற்பதில்லை, ஏது என்கிற காரணத்தின் பின்னால்தான் வருகிறது. நானும் அவ்வளவுதான் கோருகிறேன். வாதத்தின் காரணம் வினைக்கோட்பாட்டில் இருக்கிறது: வந்த துன்பம் வேறு, அதன்மேல் எழும் எதிர்வினை வேறு, அவற்றைப் பிரிக்க முடியும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் அந்தப் பிரிவைக் கண்ணுக்குக் காட்டுகின்றன. உவமை நிற்கும் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஷாக்குக்குள் போன ஆற்றல் அழிவதில்லை, சூடாகிறது. நெடுநேரம் கரடுமுரடான பாதையில் ஓடினால் எண்ணெய் சூடேறி நெகிழ்ந்து, ஷாக் தன் பிடியை இழக்கும். உயிருக்கு அந்தச் சூடு எங்கே போகிறது? இயந்திரத்துக்கு இதற்குப் பதில் இல்லை. சித்தாந்தம் சொல்லும் பதில் பத்தாம் சூத்திரத்தில் இருக்கிறது: உயிர் இறைவனோடு ஒன்றி, செய்வதெல்லாம் அவன் பணி என்று நிற்கும்போது மலமும் வினையும் அதைத் தொடர்வதில்லை. தன் முயற்சியால் மட்டும் எல்லாத் துன்பத்தையும் உள்ளேயே தணித்துக்கொள்ள முயல்கிறவர் ஒரு நாள் காய்ந்துபோவார் என்பதை அந்தச் சூத்திரம் அறிந்திருந்தது. இந்த இடத்தில் உவமையை விட்டுவிட்டுத்தான் மேலே போக முடியும்.

மூன்றாவது மறுப்புத்தான் எனக்குக் கனமாகப் படுகிறது. அடியை வாங்கிக்கொள், திருப்பி வீசாதே என்று சொல்வது யாருக்கு வசதி? பள்ளம் வெட்டியவனுக்குத்தான். இந்தக் காவிரி டெல்டாவில் வில்வண்டி யாருடையது என்று கேட்டால் போதும். பட்டைவில்லின் மேல் பெட்டி அமைத்து, மாடு பூட்டிய அந்த வண்டியில் மிராசுதார் குலுங்காமல் போனார். அவர் நிலத்தில் நாற்று நட்டவர் வரப்பில் நடந்தார். கூலி உயர்வு கேட்டுப் போராடிய ஊரில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அவர்களுடைய சுற்றத்தாரிடம் போய் இருவினையொப்பு பேச யாருக்கும் வாய் வரக் கூடாது. ஊழ் என்ற சொல் இந்த மண்ணில் அடக்குமுறைக்குத் திரையாகவும் பயன்பட்டிருக்கிறது. இதை மறைத்துவிட்டுச் சமநிலையைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. ஆனால் கொள்கையின் சரியான வடிவம் அப்படிப் பயன்பட இடம் தராது என்றே நினைக்கிறேன். பிறர்க்குத் தீங்கு செய்பவன் அந்த நொடியில் ஆகாமியம் ஈட்டுகிறான். எதிரில் இருப்பவனின் பிராரத்தம் அவனுக்குச் சாக்கு ஆகாது. சமநிலை என்பது அடி வாங்குகிறவர் தம் உள்ளத்தைப் பற்றித் தாமே எடுக்கும் முடிவு. அடித்தவனோ, வண்டிக்குள் சொகுசாக அமர்ந்திருப்பவனோ அதை உபதேசிக்க உரிமையற்றவன். இன்னொன்றும் உண்டு. ஷாக் ஒழுங்காக இருக்கும் சக்கரம் தரையை விடாமல் பற்றுகிறது, அதனால்தான் வண்டியைத் திருப்ப முடிகிறது. திருவிதாங்கூரில் புலையர் நடக்கக் கூடாதென்று தடுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் 1893-இல் அந்தச் சமூகத்தவரான அய்யன்காளி தாமே ஒரு வில்வண்டியில் ஏறிப் போனார். எதிர்த்து வந்தவர்களைக் கண்டு அவர் திரும்பவில்லை. அவர் செய்ததில் துள்ளல் இல்லை, சாலையின் மேல் உரிமை இருந்தது. உள்ளத்தின் அமைதி நியாயத்துக்கு எதிரி என்கிறவர்கள் அந்த வண்டியை ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம்.

இறுதியாக, தமிழ்ச் சமயமே அசைவின்மையைக் கடைசி இலக்காகச் சொல்லவில்லையா என்று கேட்கலாம். காரைக்கால் வட்டாரத்தில் நின்றுகொண்டு அப்படிக் கேட்க முடியாது. தியாகேசர் ஏழு வகை நடனம் ஆடும் சப்தவிடங்கத் தலங்களில் திருநள்ளாறும் ஒன்று. அங்கே தியாகேசருக்கு உரியது உன்மத்த நடனம். திருவாரூரில் மூச்சின் ஏற்ற இறக்கம் போன்ற அசபா நடனம். அந்த ஆட்டத்தை ஆடிக்காட்டுவது அவரைச் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகளின் தோளும் முழங்காலும். திருமேனியைக் குலுக்காமல் கொண்டுபோவது அவர்கள் நோக்கமாக இருந்திருந்தால் எல்லாத் தலத்துக்கும் ஒரே நடை போதும். ஒவ்வொரு தலத்துக்கும் ஒரு நடை வகுத்து, தோளின் நெகிழ்வையே வழிபாடாக்கியிருக்கிறார்கள். ஆட்டம் அங்கே அடக்கப்படவில்லை, அளவு பெற்றிருக்கிறது. ஆனித் திருவிழாவில் மாங்கனி இறைத்துக் கொண்டாடப்படும் காரைக்கால் அம்மையாரும் இதற்குச் சான்று. கணவன் விலகியதும் தன் வனப்பை உதறிப் பேயுருக் கொண்டு, இறைவன் உறையும் மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து ஏறியவர். இது மிதமான வாழ்க்கை அல்ல; அவரைக் காட்டி என் வாதத்தை ஒருவர் மறுக்கலாம். ஆனால் மலையின் மேல் அவர் என்ன கேட்டார் என்று பெரியபுராணம் சொல்வதைப் பாருங்கள். குறையாத அன்பைக் கேட்டார், பிறவாமையைக் கேட்டார், ஒருவேளை பிறக்க நேர்ந்தால் மறவாமையைக் கேட்டார். இனிப் பிறவி என்ற பாதையே கூடாது என்று வேண்டியவர், அந்தப் பாதை மறுபடி வந்துவிட்டால் அதில் தொடுப்பு அறுந்துவிடக் கூடாது என்பதற்கும் சேர்த்து வேண்டிக்கொண்டார். தலைகீழாக நடந்தவரும் தரையை விடவில்லை.

ஆக, காரைக்காலில் ஒரு பழைய மாருதி 800-ஐயோ பத்மினியையோ கட்டிக்கொண்டிருப்பவர் என்ன செய்யலாம்? தேய்ந்த புஷ்களை மாற்றி, கம்பெனி அளவிலேயே புது ஸ்பிரிங்கும் தரமான ஷாக்கும் போட்டு ஓராண்டு ஓட்டிப் பார்க்கட்டும். பத்மினி, அம்பாசடர் போன்றவற்றின் பின்பக்கம் பட்டைவில் என்பதால், பட்டைகள் ஒன்றோடொன்று உரசும் தேய்வே கொஞ்சம் தணிப்பைத் தருகிறது. அதைக் கழற்றி எறிய அவசரம் வேண்டாம். உயரத்தைக் குறைப்பதற்காக ஸ்பிரிங்கை அறுப்பது கூடவே கூடாது: சுற்று குறைந்தால் விறைப்பு கூடும், அமுங்கும் இடமோ குறையும், இரண்டு கெடுதலும் ஒன்றாக வரும். எஞ்சினும் எடையும் மாறிய வண்டி என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு எதை அனுமதிக்கிறது என்று பார்த்த பிறகு, எடை பார்த்துப் பொருத்தத் தெரிந்தவரிடம் காயிலோவருக்குப் போகலாம். அப்போதும் கடலோர உப்புக்காற்று மரையில் ஏறி இறுகிவிடும். மாதம் ஒரு முறை துடைத்து கிரீஸ் போடாவிட்டால் திருகுவதற்கென்று வாங்கியது திருகவே முடியாமல் நின்றுவிடும்.

நளனின் கதையில் நான் அடிக்கடி திரும்பிப் பார்க்கும் இடம் கலி நீங்கியதற்குப் பிறகு வருவது. தான்றி மரத்தடியில் இருதுபன்னனிடமிருந்து எண்ணின் நுட்பத்தைக் கற்றதும் கலி வெளியேறிவிட்டான். நளனின் துன்பத்துக்கு மூலம் போய்விட்டது. ஆனால் நாடு திரும்பவில்லை, தமயந்தி இன்னும் தொலைவில் இருக்கிறாள், அவன் உடல் வாகுகனின் கோணல் உடலாகவே இருக்கிறது. பின்னால் அமர்ந்திருக்கும் மன்னனுக்குத் தன் தேரோட்டி யாரென்றே தெரியாது. நளன் மறுபடி தேரில் ஏறி, கடிவாளத்தை எடுத்து, மீதி வழியையும் அந்த உருவத்திலேயே ஓட்டி, மாலைக்குள் குண்டினபுரம் கொண்டுபோய்ச் சேர்க்கிறான்.